காய்ச்சலுக்குப் பிறகு மணமே தெரியவில்லை: காபிக்கொட்டை வறுப்பவன் என்ன செய்வது?

வறுவல்காரன் | 19 பிப்ரவரி 2023

வணக்கம். கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில், காபித்தூள் கடையில் 22 ஆண்டுகளாகக் கொட்டை வறுக்கிறேன். டிசம்பர் கடைசியில் வீட்டில் நான்கு பேருக்கும் காய்ச்சல், சளி, உடம்புவலி. ஐந்து நாளில் எல்லோரும் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டோம். கொரோனாவா வேறு காய்ச்சலா என்று யாரும் பரிசோதித்துக்கொள்ளவில்லை. மூக்கடைப்பு நீங்கிய அன்று காலையில்தான் தெரிந்தது, மூச்சு தாராளமாகப் போய்வருகிறது, ஆனால் அதோடு எதுவும் வரவில்லை. டபராவை முகத்தருகே பிடித்தால் வெந்நீருக்கும் டிகாக்‌ஷனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குடித்தால் கசப்பும் சர்க்கரையும் மட்டும். இன்றோடு ஏழரை வாரம் ஆகிறது.

என் தொழிலைச் சொன்னால்தான் கவலை புரியும். பச்சைக் கொட்டை டிரம்மில் விழுந்து சூடேறியதும் ஈர வைக்கோல் வாசம் வரும். கொட்டை மஞ்சளாகும்போது அது ரொட்டி சுடும் வாசமாக மாறும். பிறகு சோளப்பொரி போலச் சடசடவென்று வெடிக்கும். வெடிப்பு ஓய்ந்து, புளிப்பாக வந்த புகை இனிப்பாகத் திரும்புகிற ஒரு கணம் இருக்கிறது. அங்கே இறக்கினால் எங்கள் கடை வறுவல். அரை நிமிடம் தாமதித்தால் எண்ணெய் கசிந்து கரிவாடை ஏறிவிடும். கடிகாரம் பார்த்து நான் இறக்கியதே கிடையாது. மூக்கு சொல்லும், கை இறக்கும்.

இப்போது நிறத்தையும் சத்தத்தையும் வைத்து ஒப்பேற்றுகிறேன். போன வாரம் அதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு மூட்டை பீபெரி (உருண்டையான ஒற்றைக் கொட்டை) வழியில் எங்கோ ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்திருக்கிறது. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பழைய நானாக இருந்தால் மூட்டையின் வாயை அவிழ்க்கும்போதே ஒதுக்கியிருப்பேன். வறுத்து, அரைத்து, விற்றும்விட்டோம். மூன்று வாடிக்கையாளர்கள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். முதலாளிக்கு என் மூக்கு விஷயம் தெரியாது. பழி கொட்டை வியாபாரியின் மேல் விழுந்தது. நான் பேசாமல் நின்றேன்.

போனது நாக்கா, மூக்கா? திரும்ப வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை | 19 பிப்ரவரி 2023

கவலைப்படாதீர்கள் அண்ணா. நொச்சி இலை போட்டு இரண்டு வேளை ஆவி பிடியுங்கள். கற்பூரமும் ஓமமும் துணியில் முடிந்து அடிக்கடி மோந்து பாருங்கள், மூக்கு திறந்துகொள்ளும். என் சித்தப்பாவுக்குக் கடுகெண்ணெய் இரண்டு சொட்டு மூக்கில் விட்டார்கள், பத்தே நாளில் சரியானது. துத்தநாகச் சத்துக் குறைவால்தான் இது வருகிறது என்று படித்தேன். மருந்துக்கடையில் துத்தநாக மாத்திரை கேட்டு வாங்குங்கள்.

---

சந்தேகி | 19 பிப்ரவரி 2023

தொழில் பாதிப்பு புரிகிறது. ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், கண் போகவில்லை, காது போகவில்லை. மூக்குதானே? சாக்கடை ஓரம் வீடு இருக்கிறவர்களைக் கேட்டால் வரம் என்பார்கள்.

---

மலர்விழி_திருச்சி | 20 பிப்ரவரி 2023

சந்தேகி அவர்களுக்கு: 2021 மே மாதம் எனக்குப் போனது. ஐந்து மாதம் கழித்துப் பாதி வந்தது. அந்த ஐந்து மாதம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

ஒருநாள் கடைக்குட்டி பள்ளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்று, "அம்மா, கேஸ் நாற்றம் அடிக்கிறது" என்றான். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. நான் அதே அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சமையல் எரிவாயுவுக்குச் சொந்த மணம் கிடையாது, நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே கந்தகம் கலந்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். மூக்கில்லாதவளுக்கு அந்தக் காவல் இல்லை. அன்றைக்கே கசிவைக் கண்டுபிடித்து அலறும் கருவி ஒன்றை வாங்கி, தரையை ஒட்டிப் பொருத்தினோம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். கசிவு என்றால் 1906 என்ற எண்ணை அழைக்கவேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இன்னொன்று யாரிடமும் சொல்லாதது. என் மேல் வியர்வை வாடை வருகிறதா என்று எனக்கே தெரியாததால் ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பினால் மனம் அடித்துக்கொள்ளும். தயிர் புளித்ததா, மாவு ஊசியதா என்று மாமியாரைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் டப்பாவுக்கு டப்பா தேதி எழுதி ஒட்டினேன்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. மோப்பம் இழந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களைப் போலத்தான் சட்டமும் நினைக்கிறது, "மூக்குதானே" என்று.

---

சந்தேகி | 20 பிப்ரவரி 2023

அடுப்பு விஷயம் எனக்குத் தோன்றவில்லை. வருந்துகிறேன்.

---

மூக்கு_மருத்துவர் | 20 பிப்ரவரி 2023

காது மூக்கு தொண்டை மருத்துவன். இணையத்தில் யாருக்கும் சிகிச்சை சொல்வதில்லை, என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

வறுவல்காரர் முதலில் ஒரு சோதனை செய்யவேண்டும். ஓர் ஆரஞ்சு மிட்டாயை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். யாருக்குமே இனிப்பும் புளிப்பும்தான் தெரியும். மூக்கை விட்டவுடன் "ஆரஞ்சு" என்று வந்து நிற்கும். மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவிதான் அந்த ஆரஞ்சு. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பின்வாசல் வழியாக வருவது. மூக்கை விட்ட பிறகும் இனிப்பு, புளிப்பு மட்டுமே தெரிந்தால் நாக்கு நலமாக இருக்கிறது, மூக்குதான் வேலை நிறுத்தம் செய்கிறது என்று பொருள்.

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, தபால்தலை அளவில் ஒரு சவ்வு இருக்கிறது. அதிலுள்ள மோப்ப நரம்புகள் சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியே நேராக மூளைக்குப் போகின்றன. மனிதனுக்கு மணத்தைப் பிடிக்கும் மோப்ப ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை உண்டு. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991 இல் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்று கணக்கு இல்லை. ஹார்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல, காபி என்றால் பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கவேண்டும்.

கொரோனா வைரஸ் பெரும்பாலும் இந்த நரம்புகளை நேரடியாகத் தாக்குவதில்லை. நரம்புகளைத் தாங்கி, ஊட்டி, சுத்தம் செய்யும் துணைச் செல்களில்தான் அதற்கான வாசல் இருக்கிறது என்று 2020 ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. பண்ணையாள் படுத்தால் பயிர் வாடுகிற கதை. ஆனால் இந்த நோய் கொரோனாவோடு பிறந்ததும் அன்று. சாதாரணச் சளி வைரஸ், ஃப்ளூ என எதற்குப் பிறகும் வரும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் சளி பிடித்ததிலிருந்து ருசி இல்லை என்று வருவதை எங்கள் துறையினர் பல ஆண்டுகளாகவே பார்த்துவருகிறார்கள். அப்போது யாரும் காது கொடுக்கவில்லை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. உடலில் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைக்கும் நரம்புகள் மிகச் சில. மோப்ப நரம்பு அவற்றில் ஒன்று. அடியில் இருக்கும் குருத்துச் செல்கள் அதை மீண்டும் மீண்டும் உருவாக்குகின்றன. அதற்கு நாட்கணக்கு போதாது, மாதக்கணக்கு ஆகும்.

காவிரிக்கரை சகோதரிக்கு: ஆவி பிடித்தால் அடைப்பு இளகும், நரம்பு முளைக்காது. எண்ணெயை மூக்கில் விட்டால் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா போன்ற தொல்லை வரலாம். வேண்டாம்.

---

ஸ்காபரோ_சிவம் | 21 பிப்ரவரி 2023

துத்தநாகம் என்று கண்டவுடன் எழுதவேண்டும் போல் இருந்தது. நான் இருக்கும் கனடாவின் ரொறன்ரோவில் 1937 இல் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, நோய் மூக்கு வழியாக நுழைகிறது என்று நம்பி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலை அடித்தார்கள். நோய் தடுபடவில்லை. சில பிள்ளைகளுக்கு மணம் அறியும் திறன்தான் போனது. பாடம் படித்தோமா? 2009 இல் அமெரிக்காவில் சளிக்கென்று கடையில் விற்ற துத்தநாக மூக்குக் களிம்பால் மணம் போனதாகப் பலர் முறையிட, அரசு மருந்துத் துறை எச்சரிக்கை விடவேண்டி வந்தது. வாயால் விழுங்கும் குளிசை வேறு கதை, ஆனால் மூக்குக்குள் மட்டும் அதை விடாதீர்கள்.

எனக்கும் 2021 ஏப்ரலில் போனது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

---

வறுவல்காரன் | 21 பிப்ரவரி 2023

மிட்டாய் சோதனை செய்தேன். மூக்கைப் பிடித்தாலும் விட்டாலும் ஒன்றுதான். இனிப்பு, புளிப்பு, அவ்வளவே. ஆக நாக்கு பிழைத்தது.

ஒரு விந்தை. நேற்று வீட்டில் மிளகாய் வற்றலைத் தாளித்தார்கள். மூக்கு எரிந்து, கண்ணில் நீர் வந்து, தும்மினேன். மணம் வந்துவிட்டது என்று குதித்தேன். ஆனால் தாளித்தது என்ன என்று கேட்டால் தெரியவில்லை. அதே கரண்டியில் போட்ட பெருங்காயம் சுத்தமாக இல்லை.

---

பழஞ்சொல் | 21 பிப்ரவரி 2023

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மருத்துவம் தெரியாது. ஆனால் உங்களுக்கு வந்தது மணம் இல்லை ஐயா, நெடி.

நம் மொழியில் மூக்குக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். மணம், வாசம், வாடை, வீச்சம், கவிச்சி, முடை, மொச்சை. நாற்றம் என்ற சொல்லும் முன்னாளில் நறுமணத்தையே குறித்தது, பிறகுதான் கெட்டுப்போயிற்று. இவற்றுக்கு நடுவே நெடி மட்டும் தனி. மிளகாய்க்கு நெடி, மூக்குப்பொடிக்கு நெடி, சுண்ணாம்புக் காளவாய்க்கு நெடி. மல்லிகைக்கு யாராவது நெடி என்பார்களா? மூக்கைக் குத்துவது நெடி, மூக்கில் படிவது மணம். இதற்கு உடலில் ஏதாவது அடிப்படை உண்டா டாக்டர்?

---

மூக்கு_மருத்துவர் | 22 பிப்ரவரி 2023

ஐயா, இதை இருபது ஆண்டுகளாக நோயாளிகளுக்கு விளக்கத் திணறியிருக்கிறேன். நெடி என்ற ஒரு சொல் போதும் என்று இன்றுதான் தெரிகிறது.

மணத்தைச் சுமப்பது முதலாவது மூளை நரம்பு. குத்தல், எரிச்சல், குளிர்ச்சி இவற்றைச் சுமப்பது ஐந்தாவது. முகத்தில் தொடுதலையும் பல்வலியையும் சொல்லும் அதே நரம்புதான். அம்மோனியா, மிளகாய்ப் புகை, கற்பூரம், புதினாத் தைலம் எல்லாம் அதன் வழியே தெரியும். மிளகாயின் எரிச்சலைப் பிடிக்கும் ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த ஏற்பி சூட்டையும் அறிவது. அதனால்தான் காரம் பட்டால் வாய் "எரிகிறது" என்கிறோம். அறுசுவையில் ஒன்றாகக் கார்ப்பை நாம் எண்ணினாலும், உடற்கூற்றின்படி அது வலியின் உறவு.

கற்பூர முடிச்சை மோந்து "திறந்துகொண்டது" என்று சொல்பவர்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். குளிர்ச்சி தெரிகிறது, மணம் தெரிவதில்லை. கற்பூரம் குழந்தைகள் வாயில் போனால் வலிப்பே வரும், கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

---

நெல்லை_ராணி | 22 பிப்ரவரி 2023

டாக்டர் சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. 2020 ஜூலையில் எனக்கு வந்தபோது பச்சை மிளகாயைக் கடித்தேன், ஒன்றுமே இல்லை. வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. உப்பும் தெரியவில்லை. நாக்கும் மூக்கும் நெடியும் சேர்ந்தே போயின. பத்து நாள் கழித்து முதலில் காரம் வந்தது, பிறகு உப்பு, கடைசியில்தான் மணம்.

---

மூக்கு_மருத்துவர் | 22 பிப்ரவரி 2023

ஒப்புக்கொள்கிறேன். பழைய சளி வைரஸ்களை வைத்துப் பழகிய என் கணக்கு கொரோனாவில் முழுதாகப் பொருந்தவில்லை. நாக்கின் சுவையும் எரிச்சல் உணர்வும்கூடப் பலருக்குக் குறைந்தது உண்மை. அதுவும் மூக்கடைப்பே இல்லாமல். அதைக் கண்டுகொள்ளவே உலகம் தாமதித்தது. நம் நாட்டின் சுகாதார அமைச்சகம் மணமிழப்பையும் சுவையிழப்பையும் அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது 2020 ஜூன் 13 அன்று. அதற்குள் எத்தனையோ பேர் "வாய்க்கு ருசி இல்லை" என்று சொல்லிக்கொண்டே வீட்டோடு கலந்திருந்திருப்பார்கள். பின்னால் வந்த ஒமைக்ரானில் இந்த அறிகுறி குறைந்துவிட்டது.

வறுவல்காரருக்கு, இனிச் செய்யக்கூடியது. பக்கத்தில் உள்ள மருத்துவரிடம் ஒருமுறை உள்நோக்கியால் (எண்டோஸ்கோப்) மூக்கைக் காட்டிவிடுங்கள். சதை வளர்ச்சி, சைனஸ் தொல்லை இருந்தால் அது வேறு வழி. காய்ச்சலே இல்லாமல் மணம் மெல்ல மங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் போனாலோ, இரத்தம் வந்தாலோ, தலையில் அடிபட்ட பிறகு என்றாலோ தள்ளிப்போடவே கூடாது. பார்க்கின்சன் நோய் சிலருக்கு மணமிழப்பாகத்தான் தலைகாட்டும், நடுக்கம் வர ஆண்டுகள் ஆகும். உங்கள் கதை அப்படித் தெரியவில்லை, எனவே பயம் வேண்டாம்.

பிறகு மோப்பப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹம்மல் 2009 இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்கள். காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் பதினைந்து இருபது நொடி, மெல்ல, முயல் மோப்பம் பிடிப்பதுபோல. ஆழ இழுக்கவேண்டாம். மோக்கும்போது அந்த மணம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரவேண்டும். குறைந்தது 12 வாரம். செலவில்லாதது, தீங்கில்லாதது. உறுதி தரமாட்டேன். சும்மா இருப்பதைவிடப் பலருக்குப் பலன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டு, மாத்திரைகளுக்கு அந்த அளவுகூட இல்லை.

---

காவிரிக்கரை | 23 பிப்ரவரி 2023

ஜெர்மன்காரர் சொன்னால் கிராம்பு மருந்து, நம் பாட்டி சொன்னால் மூடநம்பிக்கையா? கிராம்பும் எலுமிச்சையும் நம் அஞ்சறைப்பெட்டியில் இல்லாததா?

---

மலர்விழி_திருச்சி | 23 பிப்ரவரி 2023

பாட்டி சொன்னது கிராம்பைத் தட்டிப் போட அக்கா. நாள் தவறாமல் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம், நினைவோடு மோக்கச் சொன்னது யாரென்று பார்க்கவேண்டும். பொருள் நம்முடையது, ஒழுங்கு அவர்களுடையது. நான் ரோஜாவுக்குப் பன்னீரும் யூகலிப்டஸுக்கு ஊட்டித் தைலமும் வைத்துக்கொண்டேன். ஜாம் பாட்டிலில் பஞ்சில் நனைத்து மூடி வைத்தால் போதும். முதல் ஐந்து வாரம் நான்கு பாட்டிலிலும் பஞ்சு வாசமே வந்தது, அதாவது ஒன்றுமில்லை. விடாதீர்கள்.

---

வறுவல்காரன் | 2 ஏப்ரல் 2023

ஐந்து வாரமாகப் பயிற்சி செய்கிறேன். மூக்கைக் காட்டினேன், சதை எதுவும் இல்லை. போன வெள்ளிக்கிழமை கிராம்பு பாட்டிலில் ஏதோ ஓரத்தில் தட்டுப்பட்டது. மகிழ்ச்சியோடு கடைக்குப் போனேன்.

அங்கேதான் இடி. டிரம் சூடேறி, கொட்டை நிறம் மாறியதும் ஒரு நாற்றம். சாக்கடையில் ரப்பரைப் போட்டு எரித்தால் எப்படி இருக்கும்? அதுவும் சரியில்லை. இதுவரை உலகத்தில் நான் மோந்ததே இல்லாத ஒன்று. வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். டிரம்முக்குள் எலி விழுந்துவிட்டதென்று நினைத்து, கடைப் பையனைக் கூப்பிட்டு மோக்கச் சொன்னேன். "நல்லாத்தானே அண்ணே இருக்கு" என்று விழிக்கிறான்.

காபிதான் அது. வீட்டில் வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம். முட்டை, பூண்டு, பற்பசையும் அப்படியே. ஒன்றும் தெரியாமல் இருந்த நாட்களே மேல். 22 ஆண்டு சோறு போட்ட பொருள் இப்படி முகத்தில் அறைகிறது. மூளையில் ஏதாவது கோளாறா?

---

ஸ்காபரோ_சிவம் | 2 ஏப்ரல் 2023

வாருங்கள் அண்ணா, இந்த வீட்டுக்குள் நானும் ஒன்றரை வருடம் குடியிருந்தேன். மூளைக் கோளாறு இல்லை. மணம் இப்படித் திரிந்து தெரிவதற்குப் பரோஸ்மியா என்று பெயர். எனக்கும் மணம் போய் மூன்றாம் மாதம்தான் தொடங்கியது.

வெங்காயம், உள்ளி (பூண்டு), கோப்பி, கோழி இந்த நான்கும் என் எதிரிகள். மனைவி தாளிக்கும்போது நான் வெளியே பனியில் நின்ற நாட்கள் உண்டு. அவள் பாவம், தன் சமையலைப் பார்த்து ஒருவன் மூக்கைப் பொத்துவதை எத்தனை நாள் தாங்குவாள்? ஒருநாள் அழுதுவிட்டாள். பிறகுதான் இருவரும் இருந்து பட்டியல் போட்டோம். ஆறிய சாப்பாடு தாங்கும், சூட்டில்தான் ஆவி கிளம்பும். வெறும் சோறு, தயிர், வாழைப்பழம், இடியப்பம், உள்ளி போடாத வெள்ளைச் சொதி, இவற்றில் உயிர் வாழ்ந்தேன். பொரித்தது, வறுத்தது, வதக்கியது கிட்டவும் வரக்கூடாது. பற்பசைக்குப் பிள்ளைகள் பாவிக்கும் பழவாசனைப் பசை. ஒன்பது கிலோ இறங்கினேன், எல்லோரும் "உடம்பைக் குறைத்துவிட்டாய்" என்று பாராட்டினார்கள்.

முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட முயன்று என்னைப்போல் வீம்பு பிடிக்காதீர்கள். பட்டியல் போடுங்கள்.

---

மூக்கு_மருத்துவர் | 3 ஏப்ரல் 2023

சிவம் சொன்னதற்கு மேல் நடைமுறையில் நான் சேர்க்க அதிகமில்லை. காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது காபியைப் பற்றியது.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கரின் குழு 2022 இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. காபியின் ஆவியைக் கருவியில் செலுத்தி, அதிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பரோஸ்மியா உள்ளவர்களை மோக்கச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான சேர்மங்களில் மிகச் சில மட்டுமே அருவருப்பைக் கிளப்பின. முதலிடம் பிடித்தது ஃபுர்ஃபுரில்தயால் என்ற கந்தகச் சேர்மம். வறுத்த காபிக்குக் காபி மணம் தருவதில் முக்கியமானவற்றுள் அது ஒன்று. பச்சைக் கொட்டையை வறுக்கும்போது பிறப்பது. மிக நுண்ணிய அளவிலேயே மூக்கு அதைப் பிடித்துவிடும். வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி இவற்றிலும் கந்தகச் சேர்மங்கள், வறுவல் சேர்மங்கள் உண்டு. உங்கள் எதிரிப் பட்டியலும் சிவத்தின் பட்டியலும் ஒத்துப்போவது அதனால்தான்.

ஹார்மோனியத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டைகளும் ஊமையாக இருந்தன. இப்போது நான்கைந்து கட்டைகள் மட்டும் உயிர்பெற்றிருக்கின்றன. முழு ராகத்துக்குப் பதில் அபசுரம் கேட்கிறது. பெரும்பாலும் நரம்பு முளைக்கத் தொடங்கியதன் அடையாளமாகவே இதைக் கொள்கிறோம். ஒன்றும் தெரியாமல் இருந்த நாட்களே மேல் என்று எல்லா நோயாளிகளும் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்குத்தான் வாந்தி வருகிறது.

பயிற்சியைத் தொடருங்கள். நாற்றமாகத் தெரியும் பொருளை அதில் சேர்க்கவேண்டாம், இப்போதைக்கு. முதலாளியிடம் சொல்லிவிட்டீர்களா?

---

வறுவல்காரன் | 9 ஏப்ரல் 2023

சொல்லிவிட்டேன். பூஞ்சை மூட்டைக் கதையையும் சேர்த்து. பத்து நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு கொட்டை வியாபாரிக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னார், நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மூட்டை நனைந்தது என் லாரியில்தானே" என்றார்.

இப்போது பையன் மோக்கிறான், நான் பார்க்கிறேன், கேட்கிறேன். இருவரும் சேர்ந்து ஒரு மூக்கு. 22 ஆண்டுகளில் நான் அவனுக்கு எதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. "வைக்கோல் வாசம் வந்ததா?" என்கிறேன். "வைக்கோல்னா எப்படி அண்ணே?" என்கிறான். டவுனில் பிறந்த பையன். கோயில் யானை கட்டுமிடத்துக்குக் கூட்டிப்போய் மோக்கவைத்தேன். யானைக்குப் போட்டிருந்தது பச்சைத் தழை. அதிலும் தோல்வி.

---

பழஞ்சொல் | 9 ஏப்ரல் 2023

வைக்கோல் வாசம் என்றால் தெரியாத தலைமுறையிடம் தொழிலை ஒப்படைக்கிறோம். ஒரத்தநாட்டுப் பக்கம் போங்கள், இன்னும் வைக்கோல் போர் இருக்கிறது.

---

வறுவல்காரன் | 30 ஜூலை 2023

நிலவரம்: ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். எலுமிச்சையும் ரோஜாவும் ஏறக்குறைய வந்துவிட்டன. கிராம்பு முழுதாக. வெங்காயம் பச்சையாக இருந்தால் தாங்குகிறேன், வதக்கினால் இல்லை. காபி அதே எரிந்த ரப்பர், ஆனால் வாந்தி வருவதில்லை. முகமூடிக்குள் பன்னீர்ப் பஞ்சு வைத்துக்கொண்டு வறுக்கிறேன். சிக்கரி மட்டும் வியப்பாக இனிப்பாகவே தெரிகிறது. 22 ஆண்டு "கலப்படக்காரன் சரக்கு" என்று திட்டிய சிக்கரி! இப்போது கடையில் எனக்கு ஆறுதலாக இருக்கும் ஒரே டப்பா அதுதான்.

காவிரிக்கரை அக்காவின் ஆவியும் பிடித்தேன், மறைக்கவில்லை. மணம் வரவில்லை, இதமாக இருந்தது.

---

காவிரிக்கரை | 30 ஜூலை 2023

இதமாவது இருந்ததே. சிக்கரிக்கு இத்தனை பெருமையா! நல்லாயிருங்கள் அண்ணா.

---

நெல்லை_ராணி | 14 டிசம்பர் 2023

வறுவல்காரர் எங்கே? ஓராண்டு ஆகப்போகிறதே.

---

வறுவல்காரன் | 17 டிசம்பர் 2023

இருக்கிறேன். மாற்றம் நத்தை வேகத்தில். எழுத ஒன்றுமில்லாததால் எழுதவில்லை.

---

வறுவல்காரன் | 12 மே 2024

எழுத ஒன்று வந்திருக்கிறது.

நேற்று முன்தினம் பிளான்டேஷன் ஏ ரகப் பச்சைக் கொட்டை ஆறு மூட்டை இறங்கியது. பையன் ஒவ்வொன்றாக அவிழ்த்து மோந்து, சரி என்று அடுக்கினான். நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நாலாவது மூட்டை என்னைத் தாண்டிப் போகும்போது கை நின்றது. மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையின் வாடை. அவிழ்த்து அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தோம். மூட்டையின் அடி ஓரத்தில் கொட்டை வெளிறி, நூல் நூலாகப் பூஞ்சை. பையனுக்கு மேலே தெரியவில்லை, அடியில் கைவிட்ட பிறகுதான் தெரிந்தது.

வறுத்த காபி இன்னும் பழைய காபி ஆகவில்லை. ரப்பர் போய், தீய்ந்த பாலில் வந்து நிற்கிறது. டிகாக்‌ஷன் குடிப்பதில்லை. வறுவலை இறக்கும் கணத்தைப் பையன்தான் சொல்கிறான், பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறான். ஆனால் பச்சைக் கொட்டைக்கு மூக்கு வந்துவிட்டது டாக்டர்.

---

மூக்கு_மருத்துவர் | 12 மே 2024

வறுப்பதற்கு முன் அந்தக் கந்தகச் சேர்மம் கொட்டையில் பிறந்திருக்காது, அதனால் பச்சைக் கொட்டை முந்திக்கொண்டிருக்கலாம். இரண்டாம் மூன்றாம் ஆண்டில் முன்னேறியவர்களும் உண்டு. பாட்டில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

ஸ்காபரோ_சிவம் | 13 மே 2024

பூஞ்சை வாடைக்காக ஒரு மனிதரை வாழ்த்துவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை. வாழ்த்துகள் அண்ணா. எனக்கு வெங்காயம் திரும்பிவிட்டது, கோழி இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அந்த மூட்டையை என்ன செய்தீர்கள்?

---

வறுவல்காரன் | 13 மே 2024

திருப்பி அனுப்பிவிட்டோம். இந்த முறை வியாபாரியிடம் முதலாளியே பேசினார். அனுப்புவதற்கு முன் ஒரு பிடி கொட்டையை மட்டும் எடுத்து ஜாம் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். கிராம்புக்குப் பக்கத்தில், ஐந்தாவது பாட்டிலாக. பையன் அதைத் தினமும் மோந்து பார்க்கவேண்டும்.